கூரைக்குக் காய்ச்சல்

"கண்டனீங்களே?" எண்டு மனிசி கீழ நிண்டு கேக்கிறாள். இல்லை, இன்னும் காணேல்லை எண்டு நான் மேல கிடந்து சொல்லுறன். பச்சைப் பொய். கண்டிட்டன். சீலிங் ஓட்டைக்குள்ளால தலையை விட்டு ரோச் லைற்றை அடிச்ச உடனயே கண்டிட்டன், வெளிச்சம் முதல் போய் விழுந்ததே அதிலதான். எனக்கு முன்னால ரெண்டு முழத்தில, குளிர் தாங்கப் போட்ட வெள்ளைப் பஞ்சுக்கு மேல, வாயைப் பிளந்துகொண்டு கிடக்குது பைப். வேற ஆரும் வைச்சதில்லை. நான் வைச்சது, என்ர கையால வளைச்சு, என்ர கையால வெள்ளி ஒட்டு ரேப் சுத்தி. பதினொரு வருசமாச்சு, ரேப் இன்னும் விடேல்லை, நல்ல வேலைதான் செய்திருக்கிறன், கோதாரி. கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில மூண்டடி உயரம் வராது, அதுக்குள்ள குப்புறக் கிடக்கிறன், ஐம்பத்தெட்டு வயசில, இந்தத் தொப்பை வண்டியோட, இந்த முழங்காலோட. முழங்காலைச் சட்டத்தில மட்டும்தான் வைக்கவேணும், சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில வைச்சால் சீலிங் உடைஞ்சு கால் கீழ போகும், கீழ சாமி அறை, பிள்ளையாற்ற தலைக்கு மேல என்ர கால் தொங்கும். திரும்பவும் இடமில்லை. பின்னுக்குத் தவழ்ந்து போவம் எண்டால் ஜக்கெற்றின்ர தொப்பி மேல ஆணியில கொழுவிப்போச்சு. கூரை முழுக்க ஆணி, ஓடு அடிச்ச ஆணியின்ர நுனியெல்லாம் பலகையைத் துளைச்சுக்கொண்டு உள்ளுக்கு நிக்குது, ஒவ்வொரு நுனியிலயும் ஒரு சொட்டு ஐஸ். ஆயிரம் ஆணி இருக்கும். அதில ஒண்டு என்னைப் பிடிச்சு வைச்சிருக்குது, இழுத்தால் கிழியும், கிழிஞ்சால் கிழியட்டும் எண்டு இழுத்தால் கழுத்துத்தான் நெரியுது.

டங். மேல அவன் ஐஸ் உடைக்கிறான். மனிசியின்ர தம்பி குகானந்தன், இந்தக் கூரையைப் போட்டவன். ரெண்டு வருசமும் மூண்டு மாசமுமா இந்த வீட்டு வாசல் மிதியாதவன். டங். இண்டைக்குக் காலமை மகளின்ர அறைச் சீலிங் தண்ணி குடிச்சு ஊதி, கட்டிலுக்கு மேல தொம் எண்டு விழ, மனிசி என்னைக் கேக்கவுமில்லை, பாக்கவுமில்லை, ஃபோனை எடுத்து "தம்பி, வீடு விழுகுதடா" எண்டாள். அவ்வளவுதான். முக்கால் மணித்தியாலத்தில ஏணியோட வந்து நிக்கிறான். மைனஸ் பதினெட்டு. உள்ள வா, தேத்தண்ணி குடிச்சிட்டு ஏறு எண்டு அவள் கதவைத் திறந்து பிடிக்க, இல்லையக்கா சப்பாத்தெல்லாம் ஸ்னோ எண்டான். சப்பாத்தைக் கழட்டினால் போகுது, ஸ்னோ. அந்தச் சப்பாத்தைக் கழட்டேல்லை. அவள் அந்தச் சப்பாத்தையே பாத்துக்கொண்டு நிண்டாள், நான் அவளைப் பாத்தன், பேந்து நிலத்தைப் பாத்தன். என்னைப் பாத்து "அத்தான், நீங்கள் உள்ளுக்கால ஏறி எங்கயால சூடு வருதெண்டு பாருங்கோ" எண்டு மட்டும் சொன்னான், பழைய மரியாதை ஒரு எள்ளளவும் குறையாமல். ஏசியிருக்கலாம். ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசியிருப்பன், அதோட முடிஞ்சிருக்கும்.

"அத்தான், கேக்குதே?" கூரையில காத்துப் போக ஒரு தகரத் தொப்பி வைச்சிருக்கு, அதுக்குள்ளால அவன்ர குரல் பக்கத்தில படுத்திருந்து கதைக்கிற மாதிரி வருது. கேக்குது எண்டன். "சாமி அறைக்கு நேர மேல ஒரு வட்டத்துக்கு ஸ்னோவே இல்லை. ஓடு வெறுமையாக் கிடக்குது. மற்ற இடமெல்லாம் ரெண்டடி. உதுக்குக் கீழ என்ன கிடக்கு?" ஒண்டுமில்லை, பஞ்சுதான் எண்டன். "வடிவாப் பாருங்கோ. கூரைக்குக் காய்ச்சல் அத்தான். கூரை குளிரா இருக்கவேணும், வீட்டுச் சூடு மேல வரக்கூடாது. சூடு வந்தால் ஸ்னோ கரைஞ்சு ஓடும், தாவாரத்துக்கு வந்த உடன குளிருக்கு இறுகி அணையாக் கட்டும், பின்னால வாற தண்ணிக்குப் போக இடமில்லை, ஓட்டுக்குக் கீழால ஏறி உள்ள வரும். அணையை உடைக்கிறது பெரிய வேலையில்லை, காய்ச்சல் எங்க எண்டு பிடிக்கவேணும்." எனக்குச் சொல்லுறான். தெரியுமடா எனக்கு. இந்த மூண்டு மாரிக் குளிருக்கும் நித்திரை இல்லாமல் அதைத்தானே வாசிச்சனான். போக இடமில்லாத தண்ணி ஓட்டுக்குக் கீழால ஏறும் எண்டு தெரியும். போக இடமில்லாத மனிசன் எங்கயால ஏறுவான் எண்டுதான் ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை. வடிவாப் பாக்கிறன் எண்டு சொல்லிப்போட்டு ரோச்சைப் பைப்பில இருந்து எடுத்து அங்கால மூலைக்கு அடிச்சன், ஆருக்குத் தெரியப்போகுது, இஞ்ச நான் மட்டும்தானே.

எல்லாம் அந்த மூக்கால வந்தது. நாங்கள் இந்த வீட்டுக்கு வந்து மூண்டாம் நாள், தை மாசம், மனிசி செத்தல் மிளகாய் வறுத்தவள், குசினி விசிறி புகையைச் சுவருக்குள்ளால வெளியில தள்ளுது, தள்ளுற பக்கம் நேர பக்கத்து வீட்டு டொரீனின்ர வாசல். நான் ஸ்னோ அள்ளிக்கொண்டு நிக்கிறன், டொரீன் கதவைத் திறந்தவ, என்னைப் பாத்தவ, கையுறை போட்ட கையால மூக்கைப் பொத்தினவ. ஹலோ எண்டவ. உள்ள போயிட்டா. அவ்வளவுதான் நடந்தது. மனிசி சொன்னாள், மைனஸ் இருபதில மூக்கைப் பொத்தாமல் வேற எதைப் பொத்துறது, உங்களுக்கென்ன விசரே எண்டு. இருக்கலாம். ஆனால் அவ கதவைத் திறந்து, மூச்சை இழுத்து, பேந்துதான் பொத்தினவ. முதல் இழுத்தவ. இல்லை, பொத்திப்போட்டுத்தான் இழுத்தவவோ? பதினொரு வருசமா அந்தக் கையுறையை எத்தினை தரம் மூக்குக்குக் கொண்டுபோயிட்டன், இன்னும் முடிவு தெரியேல்லை. சிவப்புக் கையுறை. முந்தி வாடகைக்கு இருந்த இடத்தில கறி நாறுது எண்டு கதவில துண்டு ஒட்டினவங்கள், மின்தூக்கிக்குள்ள மூச்சைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவங்கள், பிள்ளை பள்ளிக்கூடத்தால வந்து என்ர உடுப்பு மணக்குதாம் எண்டு அழுதவள், அதெல்லாம் சேந்து அந்தக் கையுறையில வந்து நிண்டிட்டுது. அடுத்த சனிக்கிழமை சுவர் ஓட்டையைத் தகரம் வைச்சு மூடினன். விசிறிப் பைப்பை மேல, கூரைக்குள்ள வளைச்சன். கூரையில ஒரு ஓட்டை வெட்டி வெளியில விடுறதெண்டுதான் நினைச்சனான், சத்தியமா. கூரையை வெட்டப் பயம். சமருக்கு, வெயில் வரப் பாப்பம் எண்டு விட்டன். மனிசியிட்டை, இனி புகை கூரையால போகும், ஒருத்தரும் ஒண்டும் சொல்லேலாது எண்டன். கெட்டிக்காரன் எண்டாள்.

பேந்து பதினொரு சமர் வந்து போச்சு. இந்த வீட்டில பொரிச்சது, தாளிச்சது, அவிச்சது ஒண்டும் வெளியில போகேல்லை, எல்லாம் இஞ்ச என்னைச் சுத்தித்தான் கிடக்குது. பைப் வாயைச் சுத்திப் பஞ்சு மஞ்சள் பிடிச்சுக் கட்டியாப் போச்சு, பலகையில எண்ணெய், தொட்ட கை பிசுபிசுக்குது. மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுப் பலகாரமும் இதுக்குள்ள, மாமியின்ர முப்பத்தோராம் நாள் அந்திரட்டிக்குச் சுட்ட வடையும் இதுக்குள்ள. தாவாரத்தில ஆள் உயரத்துக்கு ஐஸ் தொங்கும், என்ன வடிவெண்டு அதுக்குக் கீழ நிண்டு படம் எடுத்து ஊருக்கு அனுப்பினனாங்கள். காய்ச்சலுக்குப் படம் எடுத்த குடும்பம். அஞ்சு வருசத்துக்கு முன்னம் ஓடு மாத்தேக்கை குகன் கேட்டவன், "அத்தான், உள்ளுக்கால பைப் ஏதும் வருதே, வந்தால் இப்பவே ஓட்டை வைச்சு விடுறன்." அந்தரமாப் போச்சு. ஓம் எண்டால் ஏறிப் பாப்பான், இது ஆற்ற வேலை எண்டு கேப்பான், மூக்குக் கதை வரும், சிரிப்பான். அவன் சிரிச்சால் பகிடிக்குத்தான் சிரிப்பான், ஆனாலும் இல்லை எண்டன். ஒரு இல்லை. அந்த இல்லைக்குள்ளதான் இப்ப குப்புறக் கிடக்கிறன்.

"கண்டனீங்களே?" இல்லையெண்டு சொல்லுறனல்லே! "ஏன் கத்துறீங்கள், குளிருக்குள்ள அவன் மேல நிக்கிறான், கெதியாப் பாருங்கோ." அவளின்ர குரல் இண்டைக்கு வேற குரல். ரெண்டு வருசமாக் கேக்காத குரல். நான் அந்த மண்டபத்தில வாயைத் திறந்த நாளோட போன குரல் அது. ஆற்றயோ பிள்ளையின்ர பிறந்தநாள், முதல் தரம் வீட்டுக்குள்ள தண்ணி வந்து ஒரு கிழமை, எனக்கு எரிச்சல். குகனின்ர மேசையில ரெண்டு பேர் தங்கட கூரையைப் பற்றிக் கதைக்கினம், நான் எழும்பி நிண்டு, கையில கேக் தட்டோட, இவனிட்டைக் குடுத்திட்டு நான் படுற பாட்டைப் பாருங்கோ, சொந்த அக்காவின்ர வீட்டுக்கே இப்பிடி ஒழுகிற கூரை போட்டவன் எண்டன். எல்லாரும் திரும்பிப் பாத்தவை. அவன் எழும்பேல்லை. பிளேன்ரிக் கோப்பையை வைச்சிட்டு, தன்ர மகளின்ர ஜக்கெற்றை எடுத்துப் போட்டுவிட்டு, சிப்பை மேலமட்டும் இழுத்துவிட்டு, போயிட்டான். அந்தச் சிப் இழுத்த சத்தம் இப்பவும் கேக்குது. அப்ப எனக்குப் பைப் ஞாபகமே இல்லை, அதை நான் ஆருக்கும் சத்தியம் பண்ணுவன். மூண்டு நாள் கழிச்சுத்தான் இன்ரநெற்றில வாசிச்சன், கூரைக்குள்ள சூடு போற வழியெல்லாம் ஒவ்வொண்டா எழுதியிருக்கு, நாலாவது வரி, குசினிப் பைப். அண்டைக்கே எடுத்துச் சொல்லியிருக்கலாம். ஃபோனைக் கையில எடுத்தனான். நம்பரும் போட்டனான். மணி அடிக்க முதல் வைச்சிட்டன்.

டங். டங். வெளிய படாரெண்டு ஒரு ஐஸ் பாளம் விழுகுது, சுவர் அதிருது. ஊரில சண்டை நேரம் பங்கருக்குள்ள கிடந்தனான், ஒருக்கா ஒரு பகலும் ஒரு இரவும், மேல செல் விழுறது விழ, எட்டுப் பேர் ஒரு ஆளின்ர முழங்காலுக்குள்ள மற்ற ஆளின்ர தலை. அது எனக்கு இவ்வளவு மூச்சு முட்டேல்லை. அங்க எட்டுப் பேரும் ஒரே பக்கம். இஞ்ச மேல ஒரு பக்கம், கீழ ஒரு பக்கம், ரெண்டு பக்கமும் நல்ல பக்கம், நடுவில நான். போன ஆவணியில அவையின்ர தாய் ஊரில செத்தவ. மாமி. எனக்குக் கையால ஊட்டிவிட்ட மனிசி. ஃபோனில செய்தி வந்த அண்டு மனிசி ஒரு வீட்டில விளக்குக் கொளுத்தினாள், இருவது நிமிசம் தள்ளி அவன் ஒரு வீட்டில விளக்குக் கொளுத்தினான். ஒரு தாய்க்கு ரெண்டு விளக்கு. தம்பியிட்டைப் போறதெண்டால் போ எண்டு நான் சொன்னனான், சொன்ன விதத்தில அவள் போகேல்லை. சாமி அறைக்குள்ள நிலத்தில கிடந்து, துணியை வாய்க்குள்ள அடைஞ்சுகொண்டு அழுதவள், எனக்குக் கேக்கக்கூடாதெண்டு. கேட்டுது. நான் வெளியில நிண்டனான், கதவுப் பிடியில கையை வைச்சுக்கொண்டு. உள்ள போய் ஒரு வசனம் சொன்னால் போதும். பைப்பை நான்தான் வைச்சனான், தம்பியிட்டைப் போ. ஒரு வசனமடா. பாவி.

இப்ப ஒண்டு செய்யலாம். கையை நீட்டிப் பைப்பை எட்டிப் பிடிச்சு, ரேப்பைப் பிச்சு, மூலைக்குத் தள்ளி, மேல பஞ்சை அள்ளிப் போட்டிட்டு, ஒண்டும் காணேல்லை, பஞ்சு காணாதுபோல எண்டு இறங்கலாம். அடுத்த கிழமை வேற ஆரையும் கூப்பிட்டு மெல்லச் செய்விக்கலாம். குகனுக்கு, போனது போகட்டும் மச்சான் எண்டு சொல்லலாம், பெரிய மனிசன் மாதிரி, நான் மன்னிக்கிறன்! த்தூ. ஆனால் கை போகுது. நினைக்க முதல் கை போகுது. நீட்டுறன், கழுத்து நெரியுது, இன்னும் நாலு விரக்கடை, முழங்கால் வழுக்கி நடுவில இறங்க, சீலிங் நொறுக்கெண்டுது. "ஐயோ, என்னது! மண் கொட்டுது, பிள்ளையாருக்கு மேல மண் கொட்டுது!" ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை. காலைத் தூக்கிச் சட்டத்தில வைக்கிறன். "பாத்து! அப்பிடியே ஆடாமல் கிடவுங்கோ. நான் போய்ச் சூடை மீனைப் பொரிச்செடுக்கிறன். அவன் இறங்கேக்கை சூடா இருந்தால் எப்பிடியும் உள்ள வருவான், சூடை மீனுக்கு மாட்டன் எண்டான் எண்டால் அவன் என்ர தம்பியில்லை." மலர், பொறு, பொரியாதை! "ஏன்?" ஏனெண்டு சொல்ல? நான் என்னத்தைச் சொல்ல? அவள் போயிட்டாள். நடையில அவளின்ர செருப்புச் சத்தம், சின்னப் பிள்ளை ஓடுற மாதிரி ஓடுறாள், அம்பத்துநாலு வயசு.

கிர்ர் எண்டு விசிறி தொடங்குது. முதல் ஒண்டுமில்லை. பிறகு பைப்புக்குள்ள இருந்து ஒரு மூச்சு வருது, வெதுவெதுப்பா, நேர என்ர முகத்துக்கு. பிறகு எண்ணெய். பிறகு மஞ்சளும் தூளும் பிரட்டின சூடை மீன், வாளி வாளியா, கண் எரியுது, இருமுறன், வாயைப் பொத்துறன், இருமல் சத்தம் மேல கேக்கக்கூடாது. என்ர மூக்கைப் பொத்துறன். பொத்தியிருக்கிறது என்ர கை, இதுவும் கையுறைதான், கறுப்பு. ரோச் வெளிச்சத்தில புகை சுருண்டு சுருண்டு மேல போகுது, ஆணியெல்லாம் வேர்க்குது, ஒரு சொட்டு என்ர பிடரியில விழுகுது, இன்னொரு சொட்டு. புகை நேர அந்தத் தகரத் தொப்பிக்குத்தான் போகுது. போகாதை, நில்லு, எண்டு புகையிட்டைக் கெஞ்சுறன், விசரன் மாதிரி. டங். டங். பேந்து சத்தமில்லை. பாளம் விழுற சத்தமுமில்லை. அவன் சப்பாத்து ஓட்டில நரநரக்கக் கிட்ட வருது. என்ர தலைக்கு மேல வந்து நிக்குது. முழங்கால் குத்துற சத்தம். அவன் மூச்சு இழுக்கிறது எனக்குக் கேக்குது, முதல் இழுக்கிறான், வடிவா இழுக்கிறான்.

"சூடை மீன்" எண்டான். மெல்லமா. "அத்தான்." ம். "பைப்பே?" ம். "கன காலமே?" அவனே கணக்குப் பாத்திருப்பான், கூரை போடுறவனுக்கு ஓடு கிடக்கிற விதத்தில தெரியும். இப்ப சிரிப்பான் எண்டு பாத்துக்கொண்டு கிடக்கிறன். இல்லாட்டி ஏசுவான், சுத்தியலால தகரத்தை அடிச்சு உடைப்பான், மண்டபத்தில இருந்த அத்தினை பேரையும் கூட்டிக்கொண்டு வருவான். வா, கூட்டிக்கொண்டு வா. அவன் தகரத் தொப்பிக்கு வாயைக் கிட்ட வைச்சு, கீழ கேக்காத மாதிரிச் சொல்லுறான்: "அக்காட்டைச் சொல்லாதேங்கோ. உந்தப் பைப்பைக் கழட்டி அங்கால போடுங்கோ, நான் நாளைக்கு வந்து வெளியால விட்டுத் தாறன். ஓடு நான்தான் பிழையா அடிச்சனான் எண்டு சொல்லுறன். ரெண்டு வருசம் அப்பிடித்தானே இருந்தது, அப்பிடியே இருக்கட்டும். எனக்கு இஞ்ச வந்து போக வேணும் அத்தான். அம்மாவும் இல்லை, எனக்கு வேற ஆர் இருக்கினம்?"

ஆறுதலா இருக்கவேணுமல்லே. வெளியேறக் கதவு திறந்து விட்டிருக்கிறான், திறந்து பிடிச்சுக்கொண்டும் நிக்கிறான், நான் தவழ்ந்து போகவேண்டியதுதான். மனிசிக்குத் தம்பி, தம்பிக்குச் சூடை மீன், எனக்கு என்ர மரியாதை, ஒருத்தருக்கும் ஒண்டும் குறையாது. இறங்கிப் போய்க் கை கழுவிப்போட்டுக் குந்தலாம். அவன் மேசையில எனக்கு முன்னால இருந்து, ஓமக்கா ஆணி பிழைச்சுப் போச்சு எண்டு சொல்லுவான், அவள், பரவாயில்லையடா எண்டு அவன்ர தலையைத் தடவுவாள், செய்யாததுக்கு. நான் மீன் முள்ளு எடுத்துக்கொண்டிருப்பன். நாளைக்கும் இருப்பன், அடுத்த மாரிக்கும். அவள் துணியை வாய்க்குள்ள அடைஞ்சது என்ர பிழை இல்லையெண்டு அவனே எனக்கு எழுதித் தாறான், அதைச் சட்டைப் பையில வைச்சுக்கொண்டு சாகுமட்டும் இருப்பன். கழுத்து இன்னும் நெரியுது. என்ன கோதாரிக்கு இந்த ஜக்கெற். சிப்பைப் பிடிச்சு இழுத்தன், கீழமட்டும் இழுத்தன், ஒரு கையை உருவினன், மற்றக் கையை உருவினன், ஜக்கெற் ஆணியில தொங்குது, நான் வெறும் சேட்டோட பஞ்சுக்கு மேல கிடக்கிறன், குளிர் எலும்பில ஏறுது. திரும்பலாம் இப்ப. தலையை ஓட்டைப் பக்கம் திருப்பினன். மலர்! எண்டன். மலர்! அடுப்பை நிப்பாட்டிப்போட்டு ஏறி வா!

"அத்தான், வேண்டாம்" எண்டு மேல இருந்து அவன். "என்னப்பா, கண்டிட்டீங்களே?" எண்டு கீழ இருந்து அவள். விசிறி நிண்டுது. கண்டிட்டன் எண்டன், கன காலத்துக்கு முந்தியே கண்டிட்டன், நீ ஏறி வந்து பார், தம்பியின்ர பிழை இல்லை, வந்து பார். ஏணி கிறீச்செண்டுது, ஒரு படி, ரெண்டு படி, அவளுக்கு ஏணி எண்டால் பயம், ஆனாலும் ஏறுறாள். கையில அகப்பையோட தலை ஓட்டைக்குள்ளால வருது, மீன் மணத்தோட, இருட்டுக்குள்ள கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைத் தேடுறாள். கையில இருந்த ரோச் என்ர முகத்துக்குத்தான் அடிச்சுக்கொண்டு நிண்டுது. நான் ரோச்சைத் திருப்பிப் பைப்பில அடிச்சன்.